வயதான பெற்றோருடன் மச்சு பிச்சு: முதல் இரவு எங்கே தூங்குகிறீர்கள்?

கேள்வி இது: அப்பாவுக்கு 67 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு 62, முழங்கால் வலி உண்டு. இருவரையும் சென்னையிலிருந்து பெரு நாட்டுக்கு அழைத்துப் போய், ஸ்பானியர்கள் வருவதற்கு முன் அங்கே ஆண்ட இன்காக்கள் மலைமேல் கட்டிய மச்சு பிச்சுவைக் காட்ட வேண்டும். ஏஜென்ட் கொடுத்த திட்டப்படி முதல் நாள் லீமாவிலிருந்து குஸ்கோவுக்கு விமானம், இரண்டாம் நாள் வானவில் மலை, மூன்றாம் நாள் குஸ்கோ, நான்காம் நாள் மச்சு பிச்சு. உயரம் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளுமா, இல்லை இந்த ஆசையையே விட்டுவிட வேண்டியதுதானா?

விட வேண்டாம், தாராளமாகப் போகலாம். ஆனால் இந்தத் திட்டத்தோடு போகாதீர்கள். இதில் உள்ள இடங்களில் கோளாறு இல்லை, வரிசைதான் தலைகீழாக இருக்கிறது.

மச்சு பிச்சுதான் உச்சியில் இருக்கிறது, குஸ்கோ அதற்குப் போகும் வழியில் உள்ள ஊர் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை நேர்மாறு. மச்சு பிச்சு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,430 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். ஊட்டிக்குப் போய் நன்றாக நடமாடி வந்தவர்களுக்கு மச்சு பிச்சுவின் காற்று பெரிய சோதனையாக இருக்காது. குஸ்கோ நகரமோ 3,400 மீட்டர். வானவில் மலை என்கிற வினிகுங்கா 5,000 மீட்டரைத் தாண்டுகிறது. கடல் மட்டத்தில் இருக்கும் லீமாவில் காலையில் இட்லிக்குப் பதில் ரொட்டி சாப்பிட்டுவிட்டு, ஒன்றேகால் மணி நேர விமானப் பயணத்தில் 3,400 மீட்டரில் இறங்கி, மறுநாளே 5,000 மீட்டருக்கு ஏறுவது என்றால் இருபத்தைந்து வயது ஓட்டப்பந்தய வீரரும் சுருண்டுவிடலாம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் திட்டத்தை எப்படி மாற்றுவது என்பது தானாகப் புரியும். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எந்த உயரத்திலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். குஸ்கோவில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு, வினிகுங்காவில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். குறையை ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சு விடத் தொடங்கும். அப்படி விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து காரத்தன்மை கூடிவிடும். உடனே மூளை 'போதும், மெதுவாக விடு' என்று கட்டளையிடும். இந்த இழுபறியைத் தீர்ப்பது சிறுநீரகம். அது பைகார்பனேட் என்ற காரப்பொருளை வெளியேற்றிச் சமநிலைக்குக் கொண்டுவர ஓரிரு நாளாவது பிடிக்கும். அந்த அவகாசத்தைக் கொடுக்காமல் மேலே மேலே ஏறினால்தான் தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, தூக்கமின்மை எல்லாம் வருகின்றன. அங்கே இதற்கு 'சொரோச்சே' என்று பெயர். இறங்கிய உடனே தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். மதியம் உற்சாகமாகச் சதுக்கத்தைச் சுற்றிவந்தவர் நடு இரவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது குஸ்கோ விடுதிகளில் தினமும் நடக்கிற காட்சி.

இதில் இரண்டு விஷயம் உங்களுக்கு ஆறுதல் தரும். வயது கூடினால் உயர நோய் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உடற்பயிற்சி செய்து கட்டுமஸ்தாக இருப்பவர் தப்பிப்பார் என்பதும் இல்லை. சொல்லப்போனால், நமக்கு ஒன்றும் ஆகாது என்று முதல் நாளே படியேறி ஓடுகிற இளைஞர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பகலில் எவ்வளவு உயரம் போனீர்கள் என்பதைவிட இரவு எந்த உயரத்தில் தூங்கினீர்கள் என்பதுதான் முக்கியம். ஆகவே முதல் இரவைக் குஸ்கோவில் கழிக்காதீர்கள்.

குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் டாக்சி பிடித்து நேராக உருபாம்பா ஆற்றின் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். இன்காக்களின் 'புனிதப் பள்ளத்தாக்கு' என்று சொல்வது அதைத்தான். சின்செரோ வழியாகப் போனால் சாலை சற்று நேரம் 3,700 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். காரில் உட்கார்ந்து கடப்பதால் பயப்பட வேண்டியதில்லை. ஒயந்தைதாம்போ என்ற ஊர் சுமார் 2,800 மீட்டரில் இருக்கிறது. அங்கே இரண்டு இரவு, முடிந்தால் மூன்று. அப்புறம் ரயிலில் இன்னும் கீழே, சுமார் 2,040 மீட்டரில் உள்ள அகுவாஸ் காலியெந்தெஸ். அங்கே ஓர் இரவு தங்கி மச்சு பிச்சு. அதன் பிறகு குஸ்கோ. அதற்குள் உடம்பு பழகியிருக்கும், குஸ்கோவையும் நிம்மதியாகப் பார்க்கலாம். வானவில் மலையை உங்கள் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அது இன்காக்களின் கட்டுமானமும் அல்ல, அப்பாவின் உடல்நிலைக்கு அவசியமான சவாலும் அல்ல.

ஒயந்தைதாம்போவைத் தங்கும் இடமாக மட்டும் நினைக்காதீர்கள். என்னைக் கேட்டால், இன்காக்கள் எப்படி யோசித்தார்கள் என்று மச்சு பிச்சுவைவிட இங்கேதான் தெளிவாகத் தெரியும். இன்கா காலத்துத் தெரு அமைப்பில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். தெருவோரக் கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மலைச் சரிவில் அடுக்கு வயல்களுக்கு மேலே, முடிக்கப்படாத சூரியக் கோயிலில், ஆறு பெரும் பாறைகள் வரிசையாக நிற்கின்றன. இளஞ்சிவப்பு ரையோலைட் கல். அந்தப் பாறைகளுக்கு இடையே விரல் அகலத்துக்கு மெல்லிய கற்பட்டைகளைச் செருகியிருப்பதைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இந்தக் கல் அந்த மலையில் கிடைப்பதில்லை. ஆற்றுக்கு அக்கரையில், எதிர் மலையில் உயரத்தில் உள்ள கச்சிகாத்தா என்ற இடத்தில் உடைத்து, கீழே இறக்கி, ஆற்றைக் கடத்தி, சாய்தளம் போட்டு இங்கே ஏற்றியிருக்கிறார்கள். சக்கரம் இல்லை, இரும்பு உளி இல்லை. வழியில் அப்படியே விடப்பட்ட பாறைகள் இன்றும் கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைக் 'களைத்துப்போன கற்கள்' என்கிறார்கள். ழான் பியேர் புரோட்சன் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர் 1980களில் ஆற்றுக் கூழாங்கல்லைக் கையில் எடுத்துப் பாறையைத் தட்டித் தட்டிச் செதுக்கிப் பார்த்து, இது நடக்கிற காரியம்தான் என்று காட்டினார். வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்று யாராவது வழிகாட்டி ஆரம்பித்தால் நம்பாதீர்கள். கைகளால் உழைத்த மனிதர்களின் பெருமையைப் பறிக்கிற பேச்சு அது.

1537இல் இன்கா மன்னர் மாங்கோ இன்கா ஸ்பானியப் படையைத் தோற்கடித்துத் திருப்பி அனுப்பியதும் இந்த ஊரில்தான். கால்வாய்களைத் திறந்துவிட்டுச் சமவெளியை வெள்ளக்காடாக்கினார், குதிரைப்படையால் நகர முடியவில்லை. அம்மாவால் கோயில் படிகளில் ஏற முடியாவிட்டால் கீழே உட்கார்ந்து எதிர் மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். செங்குத்தான பாறைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருப்பது போல் தெரிகிற கட்டடங்கள் தானியக் கிடங்குகள். அங்கே காற்று ஓயாமல் வீசும், குளிரும். அதனால் தானியம் கெடாது. மக்காச்சோளத்தோடு சூன்யோ என்கிற உருளைக்கிழங்கு வற்றலையும் இன்காக்கள் இப்படிப்பட்ட கிடங்குகளில்தான் சேமித்தார்கள். இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காயவைத்தால் அது ஆண்டுக்கணக்கில் கெடாது. இன்றும் சந்தையில் விற்கிறார்கள்.

சரி, மச்சு பிச்சு. அங்கே போகச் சாலை கிடையாது. ஒயந்தைதாம்போவிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேர ரயில். பெரிய பெட்டிகளை ஏற்ற விடமாட்டார்கள். விடுதியில் போட்டுவிட்டு ஓர் இரவுக்கு வேண்டியதை மட்டும் சின்னப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். அகுவாஸ் காலியெந்தெஸிலிருந்து பஸ் வளைந்து வளைந்து அரை மணி நேரத்தில் வாசலில் விடும். நடந்து ஏறும் பாதையும் உண்டு, உங்களுக்கு அது வேண்டாம்.

இப்போது இடம் முழுவதும் இஷ்டப்படி சுற்ற முடியாது. 2024 முதல் மூன்று சுற்றுப் பாதைகள் வகுத்திருக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும்போதே பாதையையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவழிப் பாதை, திரும்பி வர முடியாது. முதல் சுற்று மேலே நின்று காட்சி பார்ப்பதற்கானது. இரண்டாம் சுற்றில் எல்லோருக்கும் தெரிந்த அந்தப் படமும் கிடைக்கும், ஊருக்குள்ளும் நடக்கலாம். மூன்றாம் சுற்று கீழ்ப்பகுதி, ஏற்றம் குறைவு. அம்மாவின் முழங்காலையும் அந்தப் படத்தையும் சேர்த்து நினைத்தால் இரண்டாம் சுற்றில் கீழ் அடுக்கு வழியாகப் போகும் பிரிவைத்தான் சொல்வேன். அதிலும் படிகள் உண்டு. கல் படி, ஒன்று உயரமாக இருக்கும், அடுத்தது குட்டையாக இருக்கும், மழை பெய்தால் வழுக்கும். ரப்பர் முனை போட்ட கைத்தடியை முதியவர்களுக்கு அனுமதிக்கிறார்கள், சென்னையிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். உள்ளே கழிப்பறை கிடையாது. வாசலில் போய்விட்டு நுழைய வேண்டும். அப்பா சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரை சிறுநீரைக் கூட்டும் வகையாக இருந்தால் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் எல்லோரும் செய்வது போல் படம் எடுத்துவிட்டு ஓடிவராதீர்கள். தண்ணீரைப் பாருங்கள். இந்த மலைமுகட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. இரண்டு பக்கமும் கிடுகிடு பள்ளம். இப்படிப்பட்ட இடத்தில் ஐந்து நூற்றாண்டுக்கு மேல் ஒரு ஊர் சரியாமல் நிற்கிறது. கென்னத் ரைட் என்ற நீரியல் பொறியாளரும் அல்ஃப்ரெதோ வலென்சியா என்ற தொல்லியலாளரும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து சொன்னது, இன்காக்கள் செய்த வேலையில் பாதிக்கு மேல் மண்ணுக்கு அடியில் இருக்கிறது என்பதே. அடுக்கு வயல் ஒவ்வொன்றிலும் அடியில் பெரிய கல், அதன் மேல் சரளை, அதன் மேல் மணல் கலந்த மண், மேலே வளமான மண். விழும் மழை வழிந்தோடி மண்ணை அரிக்காமல் உள்ளுக்குள் இறங்கி வடிந்துவிடுகிறது. மலையில் உள்ள ஊற்றிலிருந்து 749 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல் கால்வாய் அளவான சரிவில் ஊருக்குள் வருகிறது. அந்த நீர் பதினாறு நீர்த்தொட்டிகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்குகிறது. முதல் தொட்டி மன்னரின் இருப்பிடத்தை ஒட்டியது, தூய்மையான நீர் முதலில் அங்கே. ஒரு தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். கல்லில் வெட்டிய குறுகிய மூக்கு, நீர் சுவரை ஒட்டி வழியாமல் கொஞ்சம் தள்ளி விழுகிறது. குடத்தை அடியில் வைத்தால் சிந்தாமல் நிரம்ப வேண்டும் என்பதற்காக அப்படி வெட்டியிருக்கிறார்கள்.

பிறகு சூரியக் கோயில் என்று சொல்லும் வளைந்த சுவர். இயற்கையான பாறையின் மேலேயே, அதன் வளைவை விட்டு விலகாமல், கல் வைத்துக் கட்டியது. கல்லுக்கும் பாறைக்கும் இடையே சாந்து இல்லை. கதவுகளும் மாடங்களும் மேலே குறுகிக் கீழே அகன்று இருப்பதைக் கவனியுங்கள். சுவர்கள் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். நிலநடுக்கம் அடிக்கடி வரும் நாட்டில் யோசித்துக் கட்டிய கட்டடங்கள் இவை. உயரமான மேடையில் உள்ள இன்டிவதானா என்ற செதுக்கிய கல்லின் ஒரு முனை உடைந்திருக்கும். 2000ஆம் ஆண்டில் விளம்பரப் படம் எடுக்கும்போது கிரேன் விழுந்து உடைத்தது. ஐந்நூறு ஆண்டு மழையும் நிலநடுக்கமும் செய்யாததை ஒரு படப்பிடிப்பு செய்தது. கற்களைத் தொடாதே, சாயாதே என்று காவலர்கள் விசில் அடித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்க ஆய்வாளர் ஹிராம் பிங்ஹாம் 1911 ஜூலை 24 அன்று இதைக் 'கண்டுபிடித்தார்' என்று பலகைகளில் பார்ப்பீர்கள். அவரை மேலே அழைத்துப் போனது உள்ளூர் விவசாயி ஒருவர். மேலே போனபோது அடுக்கு வயல்களில் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. அகுஸ்தீன் லிசாராகா என்பவர் 1902இலேயே வந்து சுவரில் தன் பெயரைக் கரியால் எழுதிவிட்டுப் போயிருந்தார். பிங்ஹாம் யேல் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப்போன பொருள்கள் 2011, 2012இல்தான் பெருவுக்குத் திரும்பின. அவற்றைக் குஸ்கோவில் காசா கோஞ்சா என்ற அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். மச்சு பிச்சுவைப் பார்த்த பிறகு குஸ்கோ போகும் உங்கள் புது வரிசையில் இது பொருத்தமாக அமையும். வெறும் கல்லாகப் பார்த்த வீடுகளில் புழங்கிய பானைகளையும் ஊசிகளையும் கடைசியில் பார்க்கலாம். குஸ்கோவில் கோரிகாஞ்சாவையும் தவறவிடாதீர்கள். இன்கா சூரியக் கோயிலின் மேல் ஸ்பானியர்கள் தேவாலயம் கட்டினார்கள். 1950 நிலநடுக்கத்தில் தேவாலயம் பெரும் சேதமடைந்தது, அடியில் இருந்த இன்கா சுவர் நின்றது. ஊருக்கு மேலே சக்சைவாமன் கோட்டை 3,700 மீட்டர். டாக்சியில் போய், சமதளத்தில் நடந்து, பெரும் பாறைச் சுவர்களைப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

இப்போது மருந்து. அசெட்டாசோலமைடு, டயமாக்ஸ் என்ற பெயரில் நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைப்பது. சிறுநீரகம் செய்ய வேண்டிய அந்த வேலையை இது முடுக்கிவிடுகிறது. வழக்கமாகச் சொல்லும் அளவு 125 மில்லிகிராம் காலையிலும் இரவிலும், உயரத்துக்குப் போகும் முந்தைய நாள் தொடங்கி. விரல் நுனி மதமதக்கும், சோடா ருசிக்காது, அடிக்கடி சிறுநீர் வரும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் இதைத் தாமாக எடுக்கக் கூடாது. அப்பாவின் மாத்திரை நீர் பிரியச் செய்யும் வகை என்றால் இரண்டும் சேர்ந்து பொட்டாசியத்தைக் குறைத்துவிடலாம். ஆகவே அவருடைய வழக்கமான மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டோடு போய், 'மூன்றாயிரத்து நானூறு மீட்டரில் சில இரவு தூங்கப் போகிறேன்' என்று சொல்லிக் கேட்கட்டும். முதல் சில நாளில் அங்கே ரத்த அழுத்தம் சற்று ஏறுவது இயல்பு. மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது, கைப்பையிலேயே இருக்கட்டும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவர் சம்மதம் இல்லாமல் போகக் கூடாது.

கோகா இலைத் தேநீர் எல்லா விடுதியிலும் கொடுப்பார்கள். அந்த மண்ணின் உபசாரம், குடியுங்கள். ஆனால் அது மருந்துக்கு மாற்று அல்ல. இலையையோ தேநீர்ப் பொட்டலத்தையோ ஊருக்கு எடுத்து வராதீர்கள், சட்டச் சிக்கலாகும். முதல் இரண்டு நாள் மது வேண்டாம். தூக்க மாத்திரை கூடவே கூடாது, அது மூச்சை மட்டுப்படுத்தும். இரவில் அப்பாவின் மூச்சு சில விநாடி நின்று, பெருமூச்சோடு மறுபடி தொடங்குவதைக் கேட்டால் பதறாதீர்கள். உயரத்தில் தூங்கும்போது பலருக்கும் அப்படி வரும். பதற வேண்டியது வேறு: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல், நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆக்சிஜன் கொடுத்து, மருத்துவரிடம் காட்டி, கீழே இறக்க வேண்டும். பள்ளத்தாக்கு பக்கத்திலேயே இருப்பது உங்களுக்கு வசதி.

எந்த மாதம் என்று நீங்கள் சொல்லவில்லை. மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. ஜூனில் குஸ்கோ இரவுகள் உறைநிலைக்கு இறங்கும், பகல் வெயில் தோலைச் சுடும். ஜனவரி, பிப்ரவரியைத் தவிருங்கள். 2010 ஜனவரியில் வெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய், ஆயிரக்கணக்கான பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள்.

ஏஜென்ட்கள் சொல்ல மறக்கிற ஒன்று மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. குஸ்கோ, மச்சு பிச்சு பக்கம் அந்தக் காய்ச்சல் பயம் இல்லை. ஆனால் இந்தியா பெருவை அந்த நாடுகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது ஊசி போட்டிருக்க வேண்டும். எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களில்தான். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியால் கடுமையான பின்விளைவு வருவது அரிது என்றாலும் இளையவர்களைவிட வாய்ப்பு அதிகம். இருவருமே 60க்கு மேல் என்பதால் மருத்துவரிடம் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் திட்டமே மாறும். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். விசாவைப் பொறுத்தவரை, ஆறு மாதமாவது செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா அல்லது ஷெங்கன் விசா கையில் இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குப் பெரு தனி விசா கேட்பதில்லை. இந்த விதிகள் மாறக்கூடியவை, தூதரகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

முன்பதிவு செய்யும்போது முதலில் மச்சு பிச்சு நுழைவுச்சீட்டு, பெரு கலாசார அமைச்சகத்தின் தளத்தில். மழையில்லாத மாதங்களில் இரண்டாம் சுற்று வெகு முன்பே தீர்ந்துவிடும். அது கிடைத்த தேதிக்கு ஏற்ப ரயில், பிறகு விடுதி, கடைசியாக லீமா–குஸ்கோ விமானம். சீட்டில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அச்சாகி வரும், வாசலில் அசல் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அப்பா அம்மா பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதை முடித்துவிட்டுச் சீட்டு எடுங்கள்.